'லெட்' என்றால் 'விடு' என்றுதான் நினைத்திருந்தேன்

புரசைவாக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷன் மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. அதற்குக் காரணம் நான் மொழிபெயர்த்த ஒரு வரி. அந்த வரியில் இருந்த மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். அந்த வீட்டம்மா என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பேசாததால்தானோ என்னவோ, விஷயம் முடிந்து இத்தனை நாளாகியும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆங்கிலத்தில் இருக்கும் பத்திரம், உயில், ஒப்பந்தம் இவற்றைத் தமிழில் பெயர்த்துக் கொடுப்பது என் தொழில். அந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளியூரில். கீழ் வீட்டில் தனியாக இருக்கிறார். 1934-இல் மாமனார் அந்த வீட்டை வாங்கியபோது எழுதிய கிரயப் பத்திரத்தை ஒரு துணிப்பைக்குள் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டு வந்தார். பழுப்பேறிய தாள், மடிப்புகளில் கிழிசல், தலைப்பில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட முத்திரை. முழுக்க ஆங்கிலம். "எனக்கு இங்கிலீஷ் வராது தம்பி. கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து இது பீரோவுல இருக்கு. எங்க மாமனார் என்ன எழுதி வாங்கினாருன்னு கண்ண மூடறதுக்குள்ள ஒரு தடவை படிச்சுப் பார்த்துடணும்" என்றார். கோர்ட்டுக்கோ வங்கிக்கோ அல்ல, தான் படிப்பதற்காக ஒருவர் பத்திரத்தை மொழிபெயர்க்கக் கேட்டது என் அனுபவத்தில் அதுதான் முதல் தடவை. அதனால் கூடுதல் அக்கறையோடுதான் உட்கார்ந்தேன்.

அந்தக் காலத்துப் பத்திர ஆங்கிலம் தனி மொழி. 'மெஸ்விஜ்' என்று ஒரு சொல் வந்தது. வீடு, அதை ஒட்டிய கொட்டகை, முற்றம், தோட்டம் எல்லாம் சேர்ந்த மனைக்கு அந்தப் பெயர். 'ஹெரிடிட்டமென்ட்ஸ்' என்றொன்று. வாரிசுக்கு இறங்கக்கூடிய சொத்து எல்லாம் அதில் அடக்கம். 'தீஸ் ப்ரெசன்ட்ஸ்' என்று இரண்டு மூன்று இடத்தில் வந்தது. பரிசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, 'இந்தப் பத்திரம்' என்றுதான் பொருள். 'மாய்ட்டி' என்றால் சரிபாதி. இப்படி ஒவ்வொன்றாக அகராதியில் பார்த்து, இரண்டு அகராதிகளை ஒப்பிட்டு, நம் ஊர்ப் பத்திரங்களில் என்ன சொல்கிறார்கள் என்று தேடி எழுதினேன். 'மெஸ்விஜ்' ஒன்றுக்கே அரை மணி நேரம் போயிருக்கும்.

அப்புறம் அந்த வரி வந்தது. வாங்கியவர் சொத்தை அமைதியாக ஆண்டு அனுபவிக்கலாம் என்று சொல்லிவிட்டு, 'வித்தவுட் எனி லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று போட்டிருந்தது. 'ஹிண்ட்ரன்ஸ்' என்றால் இடையூறு. 'லெட்' என்றால்? வீட்டுப் பத்திரத்தில் 'லெட்' வந்தால் வேறு என்ன, 'டு லெட்' போர்டு தொங்காத தெரு உண்டா? "வாடகைக்கு விடாமலும் இடையூறு இல்லாமலும் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று எழுதினேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தெரியாத சொல்லுக்கு அரை மணி நேரம் கொடுத்தவன், தெரிந்த சொல்லை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. சுற்றி வளைத்துப் பேசினார். உடம்பு, மழை, பேரன் படிப்பு எல்லாம் முடிந்த பிறகு, "தம்பி, ஒண்ணு கேக்கணும். அந்த வரிய வேற மாதிரி எழுத முடியாதா?" என்றார். எந்த வரி என்று கேட்டேன். "அதான், மாடிய வாடகைக்கு விடக் கூடாதுன்னு மாமனார் ஒத்துக்கிட்டு வாங்கியிருக்காரே." மாடிக்கு ஒரு குடும்பம் வந்து அட்வான்ஸே கொடுத்திருக்கிறது. நான் கொடுத்த தமிழ்ப் பிரதியைப் படித்துவிட்டு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். இரண்டு சின்னக் குழந்தைகள் இருந்த குடும்பமாம். வக்கீலைக் கேட்டிருக்கலாமே என்றேன். "வக்கீல் என்ன சொன்னா என்னப்பா, அவர் வாக்கு கொடுத்து வாங்கின வீடு" என்றார். அந்த வாடகை வந்தால்தான் மருந்துச் செலவு என்பது பேச்சுவாக்கில் எனக்குத் தெரிந்தது.

போனை வைத்துவிட்டு, என்னிடம் இருந்த பத்திரத்தின் நகலை எடுத்தேன். அந்த வாக்கியம் நீளமானது, ஒரு பக்கத்தின் பாதிக்கு ஓடும். 'லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' வந்த பிறகு இன்னும் மூன்று வரி தள்ளி, 'விற்றவராலோ, அவர் மூலம் உரிமை கோரும் எவராலோ' என்று முடிகிறது. அதை வேறொரு வாக்கியமாக உடைத்து எழுதியிருந்தேன். சேர்த்துப் படித்தால் என் தமிழுக்கு அர்த்தமே இல்லை. வீட்டை விற்றுவிட்டுப் போனவர் எப்படி அதை வாடகைக்கு விடுவார்? ஏதோ தப்பு என்பது தெரிந்துவிட்டது. என்ன தப்பு என்பது அப்போதும் விளங்கவில்லை.

வேப்பேரியில் இரண்டு பைபிள்

வேப்பேரியில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். உயர் நீதிமன்ற வக்கீல்களிடம் நாற்பது வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நகலை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழு வாக்கியத்தையும் உதடு அசையப் படித்தார். நான் எழுதியிருந்த தமிழையும் படித்தார். பிறகு உள்ளே போய் இரண்டு தடித்த புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். அகராதி என்று நினைத்தேன். இரண்டும் பைபிள். ஒன்று 1611-இல் ஜேம்ஸ் மன்னர் ஆணைப்படி வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, இன்னொன்று நம் ஊர்த் தேவாலயங்களில் தலைமுறை தலைமுறையாக வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. "இங்கிலீஷ் பழசு புரியலன்னா தமிழ்ல பாரு, தம்பி. எங்க அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தது அப்படித்தான்" என்றார்.

தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், அதாவது கடிதத்தில், இரண்டாம் அதிகாரத்தைத் திறந்தார். ஆங்கிலத்தில் 'ஹீ ஹூ நவ் லெட்டெத் வில் லெட்' என்று இருந்தது. இன்றைய ஆங்கிலத்தில் படித்தால் 'இப்போது விடுகிறவன் விடுவான்' என்று ஆகும். தமிழில் அதே இடத்தில் 'தடைசெய்கிறவன்' என்று இருந்தது. பெரியவர் விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்து, என்னைப் பார்த்தார். "லெட்டுன்னா தடை. நம்ம பாஸ்போர்ட்லயும் இருக்கு பார்."

வீட்டுக்கு வந்து பாஸ்போர்ட்டை எடுத்தேன். குடியரசுத் தலைவர் பெயரால் மற்ற நாட்டவரைக் கேட்டுக்கொள்ளும் அந்த வாசகத்தில், இதை வைத்திருப்பவரைத் தடையின்றிச் செல்ல அனுமதிக்க வேண்டும் என்னும் இடத்தில், 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' இருக்கிறது. எத்தனை வருடமாகப் பெட்டிக்குள் கிடக்கிறது! பள்ளிக்கூடத்தில் டேபிள் டென்னிஸ் ஆடும்போது சர்வீஸ் பந்து வலையில் உரசி அந்தப் பக்கம் விழுந்தால் மறுபடி போடச் சொல்வார்கள். 'நெட், நெட்' என்று கத்துவோம். ஆட்ட விதியில் அதன் பெயர் 'லெட்'. பந்துக்கு இடையில் ஒரு தடங்கல், அவ்வளவுதான். இதே சொல்தான் அதுவும்.

பழைய ஆங்கிலத்தில் இரண்டு தனித்தனி வினைச்சொற்கள் இருந்திருக்கின்றன. ஒன்று, நெடிலாக ஒலித்த 'லேட்டன்'. விடு, அனுமதி என்று பொருள். இன்னொன்று, குறிலாக ஒலித்த 'லெட்டன்'. தடு, தாமதமாக்கு என்று பொருள். தாமதத்தைச் சொல்லும் 'லேட்' என்ற சொல்லுக்கு இது உறவு. ஒருவனைத் தடுப்பது என்றால் அவனுக்கு நேரமாகும்படி செய்வதுதானே. நூற்றாண்டுகள் போகப் போக நெடிலும் குறிலும் தேய்ந்து, இரண்டும் ஒரே 'லெட்' ஆகிவிட்டன. 'போக விடு', 'போகாமல் தடு' இரண்டுக்கும் ஒரே ஒலி! இப்படி எதிரும் புதிருமான இரண்டு வினை ஒரே உருவத்தில் நீண்ட நாள் வாழ முடியாது. தடுக்கும் 'லெட்' மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. ஷேக்ஸ்பியர் காலத்தில், அதாவது 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில், உயிரோடு இருந்தது. ஹாம்லெட் தன் தந்தையின் ஆவியைப் பின்தொடர்ந்து போகத் துடிக்கும்போது நண்பர்கள் பிடித்து இழுப்பார்கள். என்னை 'லெட்' செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன் என்று அவன் சீறுவான். இன்றைய பொருளில் படித்தால், என்னைப் போக விடுகிறவனைக் கொல்வேன் என்று தலைகீழாகிவிடும். பேச்சில் செத்த பிறகும் பத்திரத்திலும் பாஸ்போர்ட்டிலும் விளையாட்டிலும் மட்டும் அந்தச் சொல் ஒண்டிக்கொண்டது. விளையாட்டைத் தவிர மற்ற இரண்டிலும் தனியாகக்கூட இல்லை, 'ஹிண்ட்ரன்ஸ்' கையைப் பிடித்துக்கொண்டு.

நான் ஏன் சந்தேகப்படவே இல்லை என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. காரணம் தமிழில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். 'போக விடு' என்கிறோம், 'வீட்டை வாடகைக்கு விடு' என்கிறோம். ஆங்கில 'லெட்' செய்யும் இரண்டு வேலையையும் நம் 'விடு' அப்படியே செய்கிறது. இரண்டு மொழியும் இவ்வளவு அழகாகப் பொருந்தும்போது மூன்றாவதாக ஒரு பொருள் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? சாவி பூட்டில் வழுக்கிக்கொண்டு திரும்பியது. அது வேறு பூட்டு என்று தெரியாமல் போயிற்று.

தமிழ் தப்பித்த இடங்கள்

அடுத்த மூன்று வாரம், ஞாயிறு மதியம்தோறும் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். நான் கேட்காமலேயே அவர் பக்கங்களைக் குறித்து வைத்திருந்தார். நான் கிறிஸ்தவன் இல்லை. பைபிளைச் சொல்லுக்காகப் படித்தது அப்போதுதான்.

பைபிளின் துதிப்பாடல்களில் இருபத்து மூன்றாம் சங்கீதம் எல்லோரும் அறிந்தது. கர்த்தர் என் மேய்ப்பர் என்று தொடங்கி, அடுத்து ஆங்கிலத்தில் 'ஐ ஷல் நாட் வான்ட்' என்று வரும். 'வான்ட்' என்றால் வேண்டும். அப்படியானால் மேய்ப்பர் எனக்கு வேண்டாம் என்று ஆகிறதே? தமிழ் சொல்கிறது: 'நான் தாழ்ச்சியடையேன்.' 'வான்ட்' என்பது ஸ்காண்டிநேவியரின் பழைய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். குறைவுபடு, இல்லாமல் இரு என்பதுதான் அதன் முதல் பொருள். இல்லாதது தேவையாகும், தேவையானதன் மேல் ஆசை வரும். இந்த மூன்று படியையும் அந்தச் சொல் ஏறி வந்திருக்கிறது. சங்கீதத்தில் இருப்பது முதல் படி.

'சஃபர்' என்றால் துன்பப்படு. 1611-இன் ஆங்கிலத்தில் இயேசு, சின்னப் பிள்ளைகள் என்னிடம் வர 'சஃபர்' செய்யுங்கள் என்கிறார். தமிழில் 'சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்' என்று இருக்கிறது. பொறுத்துக்கொள், அதனால் அனுமதி. 'இடங்கொடு' என்பதைவிடப் பொருத்தமான சொல்லை என்னால் யோசிக்க முடியவில்லை. கவனித்தால் வேடிக்கை புரியும். அந்த நூலின் ஆங்கிலத்தில் 'சஃபர்' என்றால் விடு, 'லெட்' என்றால் தடு என்று வரும் இடங்கள் இருக்கின்றன. இன்று பள்ளிப்பிள்ளை படித்தால் இரண்டையும் மாற்றித்தான் புரிந்துகொள்வான்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ப்ரிவென்ட்'. இன்று அது தடுப்பு. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில், உயிரோடிருக்கும் நாம் இறந்தவர்களை 'ப்ரிவென்ட்' செய்வதில்லை என்று வருகிறது. இறந்தவர்களை எதிலிருந்து தடுப்பது? லத்தீனில் 'ப்ரே' என்றால் முன், 'வெனிரே' என்றால் வருதல். முன்னால் வருவதுதான் அந்தச் சொல்லின் சொந்தப் பொருள். தமிழில் 'முந்திக்கொள்வதில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். முந்திக்கொண்டு நிற்பவர் பின்னால் வருபவருக்கு வழியை மறிக்கிறார். அப்படித்தான் முந்துதல் தடுத்தலாக மாறியிருக்கிறது. பெரியவர் வீட்டுக்கு வெளியே பேருந்து நிறுத்தத்தில் தினமும் நடப்பது அது.

பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் செடிகளும் கனிகளும் மனிதனுக்கு 'மீட்' ஆக இருக்கட்டும் என்று கடவுள் சொல்வதைப் பார்த்தபோது ஒரு கணம் திகைத்தேன். தமிழில் 'ஆகாரம்'. 'மீட்' என்றால் ஒரு காலத்தில் எல்லா உணவும்தான். பிறகு இறைச்சிக்குள் சுருங்கியது. இது நமக்குப் புதிதல்ல. 'கறி வாங்கி வா' என்றால் ஒரு வீட்டில் ஆட்டிறைச்சி, இன்னொரு வீட்டில் 'வாழைக்காய்க் கறி'.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் இந்தக் குழிகளில் விழவில்லை என்று கேட்டேன். அவர்கள் எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் பார்த்துச் செய்தார்கள் என்றார் பெரியவர். ஆங்கிலச் சொல்லின் உருவம் அவர்களை மயக்க வழியில்லை. அவர்கள் கேட்டது, மூலத்தில் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று. நான் புரசைவாக்கம் பத்திரத்தில் கேட்காமல் விட்ட கேள்வியும் அதுதான். விற்றவர் என்ன வாக்குறுதி கொடுக்கிறார் என்று ஒரே ஒரு முறை கேட்டிருந்தால் போதும்.

குத்தகை தீர்மானிக்குமா?

பயம் பிடித்துக்கொண்டது. கணினியில் இருந்த பழைய வேலைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தொடங்கினேன். 'லெட்' இன்னும் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. ஆனால் வேறு ஒன்று அகப்பட்டது. ஒரு குத்தகை ஒப்பந்தத்தில், இன்ன நிபந்தனை மீறப்பட்டால் 'லீஸ் ஷல் டிடெர்மின்' என்று இருந்ததை, 'குத்தகை தீர்மானிக்கும்' என்று எழுதி வைத்திருந்தேன். குத்தகை எதைத் தீர்மானிக்கும்? எழுதும்போதே எனக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். நினைவிருக்கிறது, உறுத்தியது. சட்ட மொழி அப்படித்தான் இருக்கும் என்று தாண்டிப் போனேன். புரியாத வாக்கியத்தை எழுதிவிட்டு அந்தப் பழியைச் சட்டத்தின் மேல் போட்டுவிட்டேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் ஊரில் பத்திரங்களும் தீர்ப்புகளும் சாதாரண ஜனங்களுக்குப் புரியாமல் கிடப்பதில் இந்தச் சமாதானத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

'டிடெர்மின்' என்றால் முடிவுக்கு வா. பழைய பொருள் என்று ஒதுக்கவும் முடியாது. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 111-ஆவது பிரிவு, அசையாச் சொத்தின் குத்தகை எப்படியெல்லாம் முடிவுக்கு வரும் என்பதை இந்தச் சொல்லை வைத்துத்தான் சொல்கிறது. லத்தீனில் 'டெர்மினுஸ்' என்றால் எல்லைக் கல். எல்லை போடுவது முடிப்பதும் ஆகும், முடிவு எடுப்பதும் ஆகும். நம் 'தீர்' என்ற சொல்லும் இதே இரண்டு வேலையைச் செய்கிறது. அரிசி தீர்ந்துபோகிறது, வழக்குக்குத் தீர்ப்பு வருகிறது. 'குத்தகை தீரும்' என்று எழுதியிருந்தால் சரியாகவே இருந்திருக்கும். சரியான சொல்லுக்குச் சில எழுத்துத் தூரத்தில் நின்றிருக்கிறேன். அந்த ஒப்பந்தத்தை என்னிடம் கொடுத்தவரைத் தேடிப் பிடித்துத் திருத்திய பிரதியைக் கொடுத்தேன். நல்ல வேளை, அங்கே ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

உயில்களிலும் பார்த்தேன். 'வித்தவுட் இஷ்யூ' இறந்தால் என்று வரும் இடத்தில் 'சந்ததியின்றி' என்று சரியாகவே எழுதியிருந்தேன். 'இஷ்யூ' என்றால் பிள்ளைகள் என்று தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் சொல்லிக் கொடுத்திருந்தார். சொல்லாமல் போயிருந்தால் 'பிரச்சினையின்றி இறந்தால்' என்றுதான் எழுதியிருப்பேன். இன்றைக்கு 'ஒண்ணும் இஷ்யூ இல்ல' என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்!

ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி 1884-இல் முதல் பகுதி வந்து 1928-இல் முடிந்தது. ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டில் எந்தப் பொருளில் எழுதப்பட்டது என்பதை மேற்கோளோடு வரிசையாக அடுக்குவது அதன் முறை. வழக்கொழிந்த சொல்லுக்கு முன்னால் சிலுவை போன்ற சிறு குறி இடுவார்கள். நீக்கிவிட மாட்டார்கள். முன்பெல்லாம் அந்தக் குறியைப் பார்த்தால் அடுத்த பொருளுக்குத் தாவிவிடுவேன். இப்போது அங்கிருந்துதான் தொடங்குகிறேன். கையில் இருப்பது 1934-ஆம் வருடத்துக் காகிதம் என்றால், அதில் இருக்கும் சொல்லுக்கும் அதற்கு முந்திய வயது இருக்கும். பழக்கமான சொல்லாக இருந்தால் இன்னும் கவனமாகப் பார்க்கிறேன். 'மெஸ்விஜ்' யாரையும் ஏமாற்றாது. அதைப் பார்த்ததும் தெரியாது என்பது தெரிந்துவிடும்.

புரசைவாக்கத்தில்

திருத்திய பிரதியைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. நேரில் போனேன். அந்த வரிக்கு என்ன தமிழ் போடுவது என்று இரண்டு நாள் அலைந்திருந்தேன். 'எந்தத் தடையும் இடையூறும் இன்றி' என்று முதலில் எழுதினேன். பொருள் சரி, ஆனால் பத்திரத்தின் ஓசை இல்லை. ஆங்கிலத்தில் இரண்டு சொல் கைகோத்து வருகிறது, தமிழிலும் அப்படி வர வேண்டும் என்று பட்டது. அப்புறம் தானாக வந்தது: தங்கு தடையின்றி.

கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுப் படித்தார். "விற்றவராலோ அவர் வாரிசுகளாலோ எந்தவிதத் தங்கு தடையுமின்றி ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது." நான் தப்பு செய்ததைச் சொன்னேன். ஒரே ஒலியில் இரண்டு சொல் இருந்த கதையையும் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "தடை தெரியுது. தங்குன்னா இங்க என்னப்பா?" என்றார்.

வாயெடுத்தேன், சட்டென்று பதில் வரவில்லை. ஆயிரம் தடவை எழுதிய சொற்றொடர். 'தங்கு' என்றால் ராத்தங்குவது, விருந்தாளி தங்குவது. தடையோடு அது ஏன் சேர்ந்து வருகிறது? போய்க்கொண்டிருக்கும் ஒன்று வழியில் நின்றுபோவது, அதனால் நேரமாவது. ஊஞ்சல் எதிரில் நின்றுகொண்டு இதை யோசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆங்கிலத்தில் தாமதத்துக்கு உறவான சொல் தடையோடு ஜோடி சேர்ந்து நிற்கிறது. தமிழிலும் வழியில் நிற்பதைச் சொல்லும் சொல் தடையோடு ஜோடி சேர்ந்து நிற்கிறது. இரண்டையும் யாரும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதவில்லை. நானும் தெரிந்து போடவில்லை.

"போற காரியம் நடுவுல நின்னுபோறதும்மா" என்றேன். காகிதத்தை மடித்து, பழைய பத்திரத்தோடு அதே பிளாஸ்டிக் உறையில் வைத்தார். முதலில் கொடுத்த பிரதியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். மாடிப்படி பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"அப்போ மாடிய விடலாம்ல?"

"விடலாம்மா."